வியாழக்கிழமை எண்ணெய்

நவம்பர் மாதம் முழுவதும் எங்கள் எண்ணெய் வியாழக்கிழமைகளில் மட்டும் கெட்டுப்போனது. செவ்வாயன்று எடுத்தது நன்றாக இருக்கும். புதன்கிழமை எண்ணெயைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது. வெள்ளியன்றும் பழுதில்லை. வியாழன் காலையில் எடுத்ததைக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி ஜன்னல் ஓரம் வைத்தால் மட்டும், மதியத்துக்குள் இரண்டாகப் பிரிந்து நிற்கும். மேலே கடுந்தேநீர் நிறத்தில் தண்ணீராக ஓர் அடுக்கு, கீழே தார் போலக் கெட்டியாக இன்னோர் அடுக்கு.

“பட்டாணி சூப்புதான் காரணம்” என்றான் ஜல்மரி.

வியாழக்கிழமை மதியம் எங்கள் நாட்டின் எல்லா ஊரிலும் போல எங்கள் சாப்பாட்டுக் கூடத்திலும் பட்டாணி சூப்தான்.

“எண்ணெய் காலையில கெடுது. சூப்பு பதினோரு மணிக்குத்தான் வருது” என்றேன்.

“அதுக்கு முன்னாடியே வாசனை வந்துடுதுல்ல.”

ஜல்மரியும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். குழாய் பதிப்பது, பற்றவைப்பது, ஒழுகுவதை அடைப்பது எல்லாம் அவன். சோதனைக்கூடம் என்னுடையது. மூன்றாவது ஆள் ஹெல்கா, எங்கள் பொறியாளர். ஹொன்கசல்மி மர அறுப்பாலையின் பின்புறம், மரப்பட்டைக் குவியலுக்கும் ஏரிக்கும் நடுவில் எங்கள் சிறிய ஆலை இருக்கிறது. அங்கே நாங்கள் மூன்று பேர்தான்.

செய்கிற வேலை இதுதான். மரம் அறுக்கும்போது விழும் தூள் எங்களிடம் வரும். அதில் பாதிக்கு மேல் தண்ணீர். கையில் அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசியும். அதை உலர்த்தி, ஐந்நூறு டிகிரி சூட்டில் புரண்டுகொண்டிருக்கும் மணலுக்குள் விடுவோம். மணல் இருக்கும் கலனில் காற்றுக்கு இடமில்லை. காற்றில்லாவிட்டால் மரம் எரியாது. எரியவும் முடியாமல், சூட்டைத் தாங்கவும் முடியாமல், கண் இமைக்கிற நேரத்தில் ஆவியாகிவிடும். அந்த ஆவியை ஒன்றிரண்டு விநாடிக்குள் குளிர வைக்க வேண்டும். தாமதித்தால் அது மேலும் சிதைந்து வெறும் வாயுவாகிவிடும், கைக்கு ஒன்றும் மிஞ்சாது. சரியான நேரத்தில் குளிர்ந்தால் கரும்பழுப்பு நிறத்தில் ஒரு திரவம் இறங்கும். அதுதான் மர எண்ணெய். மிச்சமாகும் கரியையும் வாயுவையும் எரித்து மறுபடி மணலைச் சூடாக்கிக்கொள்வோம். ஆக, மரத்தைக் காய்ச்சுவதற்கு நெருப்பும் மரமே கொடுக்கிறது.

எண்ணெய் என்று பெயரே தவிர அது எண்ணெய் மாதிரி நடந்துகொள்ளாது. தொட்டால் வழுக்காமல் ஒட்டும். தண்ணீரில் விட்டால் மிதக்காமல் மூழ்கும். புளிப்பு அதிகம் என்பதால் சாதாரண இரும்பை அரித்துவிடும். வாசனை, புகையில் வாட்டிய மீன். வேலை முடிந்து நான் வீட்டுக்குள் நுழைந்தால் என் மனைவி, “மீன் எங்கே?” என்று கேட்பாள். பதினொரு வருடமாக அதே கேள்வி.

நல்ல எண்ணெயிலும் நூற்றுக்கு இருபத்துமூன்று பங்கு தண்ணீர் உண்டு. அது கரைந்து கலந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. முப்பதைத் தாண்டினால்தான் வம்பு. இரண்டும் ஒத்துவராமல் பிரிந்துவிடும். பிரிந்ததைக் கொதிகலனுக்குள் தெளித்தால் ஒரு நொடி தண்ணீர் வரும், மறுநொடி தார் வரும். தீ அணைந்து அணைந்து பிடிக்கும். கடைசியில் தெளிக்கும் குழாயின் மூக்கு அடைத்துக்கொள்ளும்.

அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி மரம் சிதையும்போதே உண்டாவது. அதை யாராலும் தடுக்க முடியாது. மீதி, தூளில் தங்கிவிட்ட ஈரம். தூளில் ஈரம் எட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் நிம்மதி, பத்தைத் தாண்டினால் கவலை. அது உலர்த்தியின் பொறுப்பு. உலர்த்தி ஹெல்காவின் பொறுப்பு.

மற்ற ஊர்களில் பெரிய உருளைக்குள் சுடுபுகையை விட்டு உலர்த்துவார்கள். ஹெல்கா அப்படிச் செய்யவில்லை. அறுப்பாலையின் கொதிகலனிலிருந்து வரும் தொண்ணூறு டிகிரி வெந்நீரைக் குழாய்களில் ஓடவிட்டு, அவற்றின் மேல் காற்றை ஊதிச் சூடாக்கி, அந்தக் காற்றால் உலர்த்துகிறாள். நீளமான ஒரு வலைப்பட்டை. அதன்மேல் மரத்தூள் ஒரு சாண் உயரத்துக்குப் படுத்தபடி மெதுவாக நகரும். கீழிருந்து சூடான காற்று ஏறும். தீப்பொறிக்கு வழியில்லை, தனி எரிபொருள் வேண்டாம். ஆறு வருடம் யோசித்து, வரைந்து, அழித்து, மறுபடி வரைந்து கட்டியது.

அந்த உலர்த்திக்குத்தான் இப்போது ஆபத்து. ஹொன்கசல்மி நகராட்சியின் வெப்ப நிலையத்தில், கடுங்குளிர் நாட்களில் மட்டும் எரிக்கிற எண்ணெய்க் கொதிகலன் ஒன்று இருக்கிறது. அதற்கு இனி எங்கள் மர எண்ணெயைக் கொடுப்பதாகப் பேச்சு. ஜனவரியில் ஒரு தொட்டி எண்ணெய் சோதனைக்குப் போக வேண்டும். டிசம்பர் நடுவில் எங்கள் உரிமையாளர்களிடமிருந்து கடிதம் வந்தது. ஜனவரி எண்ணெயும் பிரிந்தால் பட்டை உலர்த்தியைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து உருளை உலர்த்தி வாங்கிக்கொள்வார்களாம். ஹெல்கா அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். மடித்துக் காபிக் கோப்பையின் கீழே வைத்தாள்.

“கழட்டினா பழைய இரும்பு விலைக்கு நான் எடுத்துக்கறேன். பழக்கத்துக்காகக் கொஞ்சம் கூட்டியே தர்றேன்” என்றான் ஜல்மரி.

“உன் பழக்கம் எனக்கு வேண்டாம்” என்றாள் அவள். ஆனால் சிரிக்கவில்லை.

தேடாத இடமில்லை. விசிறியைக் கழற்றிப் பார்த்தோம். பட்டையின் வேகத்தை அளந்தோம். வெந்நீர்க் குழாயின் வெப்பமானி எந்நேரமும் தொண்ணூறைக் காட்டியது. நான் தினமும் காலை எட்டு மணிக்கு உலர்த்தியின் வாயில், வெளியே வந்து விழும் இடத்தில், ஒரு பிடி தூள் எடுத்து ஈரம் பார்ப்பேன். வியாழன் உட்பட எல்லா நாளும் எட்டு, எட்டரை. தூள் காய்ந்திருக்கிறது, எண்ணெய் மட்டும் ஈரமாக வருகிறது. அப்படி வருவதற்கு வழியே இல்லை.

இப்படி ஒரு சிக்கல் வந்தால் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவது எங்கள் ஊர் வழக்கமில்லை. மேசை முன்னால் யாருக்கும் வாய் வராது. புதன்கிழமைதோறும் ஆலையின் சவ்னா என்னும் வெப்பக் குளியல் அறையில் விறகடுப்பை மூட்டுவோம். முதலில் ஹெல்கா, பிறகு நாங்கள் இருவர். வியர்த்து முடித்ததும் வெளியே பனியில் இருக்கும், கதகதப்பான தண்ணீர் நிரம்பிய மரத்தொட்டிக்குள் மூவரும் நீச்சலுடையும் கம்பளித் தொப்பியுமாகக் கழுத்தளவு இறங்கிவிடுவோம். ஆயிரத்து அறுநூறு லிட்டர் பிடிக்கும் தொட்டி, அக்டோபர் கடைசியில் ஜல்மரி செய்தது. அதில் உட்கார்ந்தால்தான் எங்களுக்கு மூளை வேலை செய்யும் என்று ஒரு நம்பிக்கை.

டிசம்பரில் கவலை கூடியது. வாரத்துக்கு ஒரு நாள் பேச்சு போதவில்லை. செவ்வாய்க்கிழமையும் தொட்டியில் இறங்கினோம். அதிலிருந்து புதன்கிழமை எண்ணெயும் பிரிய ஆரம்பித்தது.

“பாத்தியா, சூப்பு இல்ல” என்றேன்.

“புதன்கிழமை மீன் போட்டாங்க. நானும் ஒவ்வொண்ணா கழிச்சிட்டு வர்றேன், நீ அவசரப்படாத” என்றான் ஜல்மரி.

ஜனவரி மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை. வெளியே மைனஸ் இருபத்துநான்கு. மறுநாள் நகராட்சி வெப்ப நிலையத்தின் பொறுப்பாளர் வில்யோ வருவதாக இருந்தது. புதன்கிழமை தூள் உலர்வதைப் பார்த்து, வியாழக்கிழமை எண்ணெய் எடுப்பதைப் பார்த்து, எண்ணெய்த் தொட்டியை முத்திரையிட்டு எடுத்துப் போவார்.

மதியம் இரண்டரை மணிக்கு எங்கள் குளியல் தொட்டியில் இருந்தோம். சூரியன் மரங்களுக்குப் பின்னால் சரிந்து, வானம் வெளிறிய ரோஜா நிறமாக இருந்தது. ஹெல்கா எங்களைப் பார்க்காமல் உலர்த்தியின் புகைபோக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்து வருவது புகையல்ல, மரத்தூளை விட்டு வெளியேறும் தண்ணீர். குளிரில் அது வெள்ளைத் தூணாக எழும்பும்.

ஜல்மரி கையை நீட்டித் தொட்டியின் பக்கத்தில் இருந்த வால்வை முழுதாகத் திறந்தான். அடியில் இருக்கும் சுருள் குழாயில் வெந்நீர் பாய்ந்து, தண்ணீர் சுகமாக ஏறத் தொடங்கியது.

பத்து நிமிடம் போனது.

“ஜல்மரி, வால்வை மூடு” என்றாள் ஹெல்கா.

“இப்பதான் கதகதப்பு வருது.”

“மூடு.”

மூடினான். அவள் புகைபோக்கியைப் பார்த்தபடியே இருந்தாள். மெலிந்து, கிழிந்த துணி போல அலைந்துகொண்டிருந்த வெள்ளைத் தூண், கொஞ்சம் கொஞ்சமாகத் தடிக்க ஆரம்பித்தது.

“திற.”

“தாயே, ஒரு முடிவுக்கு வா.”

திறந்தான். தூண் மெலிந்தது. மூடினான். தடித்தது. இப்படி ஒரு மணி நேரம். தொப்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் முடி உறைந்து ஈர்க்குச்சி மாதிரி நின்றது.

“இந்தச் சுருளுக்கு வெந்நீர் எங்கேருந்து எடுத்த?” என்று ஹெல்கா கேட்டாள். குரல் ரொம்ப அமைதியாக இருந்தது. “திரும்பிப் போற குழாய்லேருந்துதானே? உலர்த்திய சுத்தி முடிச்சு, மிச்சச் சூட்டோட போகுமே, அதுலேருந்துதானே? அப்படித்தானே என்கிட்ட சொன்ன?”

ஜல்மரி மூக்கு வரைக்கும் தண்ணீருக்குள் இறங்கினான். பிறகு மூச்சு விட மேலே வந்தான்.

“அங்கேருந்துதான் எடுக்கணும்னு நெனச்சேன். ஆனா அதுல தண்ணி நாப்பது டிகிரிதான். காலு மட்டும்தான் சூடாகும். அதான் உலர்த்திக்குப் போற குழாய்லேருந்தே எடுத்துட்டேன்.”

“வெப்பமானிக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“பின்னாடி. முன்னாடி வெட்டினா மானி கெட்டுடும்னு பாத்துப் பாத்துச் செஞ்சேன்.”

அவனுடைய அந்த அக்கறைதான் இரண்டரை மாதமாக எங்களை ஏமாற்றியிருக்கிறது. வெப்பமானி இருக்கும் இடத்தைத் தாண்டும்போது தண்ணீர் தொண்ணூறு டிகிரியில்தான் இருந்தது. அதைத் தாண்டி இரண்டு மீட்டரில் ஒரு கிளை பிரிந்து எங்கள் தொட்டிக்கு வந்தது. உலர்த்திக்குப் போய்ச் சேர்ந்தது மிச்சம் மீதி. மைனஸ் இருபதில் திறந்தவெளியில் நிற்கிற ஆயிரத்து அறுநூறு லிட்டரை உடம்புச் சூட்டில் வைத்திருக்க எவ்வளவு வெப்பம் வேண்டும் என்று அங்கேயே மனக்கணக்குப் போட்டேன். உலர்த்தியின் வெப்பத்தில் ஆறில் ஒரு பங்குக்கு வந்தது. ஆறில் ஒரு பங்கு குறைந்தால், அந்த நேரத்தில் உலர்கிற தூளில் எட்டு இருக்க வேண்டிய ஈரம் இருபதுக்குப் போய்விடும்.

“அப்ப ஏன் வியாழக்கிழமை கெட்டுச்சு? நாம குளிக்கிறது புதன்கிழமையாச்சே” என்றான் ஜல்மரி, ஒரு நம்பிக்கையோடு.

மணல் கலனை இரண்டு மணிக்கு நிறுத்திவிடுவோம். உலர்த்தியை மட்டும் ஐந்து மணி வரை ஓடவிடுவோம், மறுநாள் காலைக்கு வேண்டிய தூள் சேர வேண்டுமே. அது சேமிப்புக் கலத்தில் இரவெல்லாம் காத்திருந்து, காலை ஏழு மணிக்கு மணலுக்குள் போகும். ஆக, புதன் மாலை நாங்கள் சுகமாகச் சாய்ந்திருந்தபோது அரைகுறையாக உலர்ந்த தூள்தான் வியாழன் காலையில் எண்ணெயானது. நான் எட்டு மணிக்கு உலர்த்தியின் வாயில் எடுத்துப் பார்த்ததோ அன்று காலையில் புதிதாக உலர்ந்து வந்த தூள். அதில் குறை எப்படித் தெரியும்?

“ஔலிஸ், நீ ஏன் ஒரு நாள்கூட மத்தியானத்துல எடுத்துப் பாக்கல?” என்று ஹெல்கா என்னைக் கேட்டாள்.

மத்தியானங்களில் நான் எங்கே இருந்தேன் என்பது அவளுக்குத் தெரியும். அவளும் அங்கேதான் இருந்தாள். உலர்த்திக்கு என்ன கேடு என்று கண்டுபிடிக்க நாங்கள் எவ்வளவு நேரம் யோசித்தோமோ, அவ்வளவு நேரம் உலர்த்தி குளிரில் தவித்திருக்கிறது.

புதன்கிழமை காலை ஜல்மரி அந்த வால்வை மூடி, கைப்பிடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தோம். ஒரு மணிக்கு வில்யோ வந்தார். உயரமான, ஒல்லியான மனிதர், பேச்சுக்கும் பேச்சுக்கும் நடுவில் ஒரு காபி குடிக்கிற அளவு இடைவெளி விடுபவர். ஒரு கையில் கோப்பு இருந்தது. இன்னொரு கக்கத்தில் சுருட்டிய துண்டு.

எங்கள் மூவரின் கண்களும் அந்தத் துண்டின் மேல் போயின. வந்த விருந்தாளிக்குக் காபி கொடுக்காமல்கூட இருந்துவிடலாம். புதன்கிழமை வந்தவருக்குத் தொட்டி இல்லை என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும்.

காபி போடுகிற சாக்கில் மூவரும் சமையலறைக்குள் ஒதுங்கினோம்.

“தொட்டில விரிசல் விட்டுடுச்சுன்னு சொல்லிடலாம்” என்றான் ஜல்மரி.

“போன வாரம் ஆவி பறக்க ஃபோட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினது யாரு?” என்றாள் ஹெல்கா.

“நான்தான். அதனாலதான் துண்டு வந்திருக்கு.”

“உண்மையச் சொன்னா என்ன ஆகும்?” என்றேன்.

“ரெண்டரை மாசமா எண்ணெயக் கெடுத்தது நாமதான்னு ஆகும். அதுவும் குளிச்சுக் கெடுத்தோம்னு. ஊர் முழுக்க வசந்தகாலம் வரைக்கும் இதையே பேசிச் சிரிப்பாங்க” என்றான் ஜல்மரி.

“சொல்லலைன்னா குறை உலர்த்தி மேல நிக்கும்” என்றாள் ஹெல்கா. ஏலக்காய் ரொட்டித் தட்டை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கிளைக் குழாய், வெப்பமானி, சேமிப்புக் கலம், நான் காலையில் மட்டும் அளந்தது, அவளே தொட்டியில் இருந்தது, ஒன்றையும் விடவில்லை. வில்யோ ரொட்டியைக் காபியில் தோய்த்துச் சாப்பிட்டு முடித்தார். முகத்தில் எந்த அசைவும் இல்லை.

“எத்தன டிகிரில வெச்சிருந்தீங்க?”

“முப்பத்தெட்டு.”

“கொஞ்சம் கம்மி” என்றார். கோப்பையில் மிச்சமிருந்த காபியைக் குடித்து முடித்தார். “நீங்க சொல்றது நல்ல விளக்கம். ஆனா விளக்கம் வேற, நிரூபணம் வேற. நாளைக்கு எண்ணெய் நல்லா வந்தா, தொட்டிய மூடினதாலயும் இருக்கலாம், உலர்த்திக்கு அன்னிக்கு நல்ல நாளாவும் இருக்கலாம். ஒரு நாள் நல்லா ஓடி ஒரு நாள் படுத்துக்கற உலர்த்திய நான் ஊருக்குச் சிபாரிசு பண்ண முடியாது.”

“என்ன செய்யணும்?” என்றாள் ஹெல்கா.

“இன்னிக்கு யாரும் குளிக்க வேண்டாம். நாளைக்குக் காலையில வர்ற எண்ணெய நான் எடுத்துக்கறேன். நாளைக்கு மத்தியானம் வழக்கம்போலக் குளிங்க. அதே நேரம், அதே வால்வு. வெள்ளிக்கிழமை காலையில எண்ணெய் கெட்டுப் போகணும். ரெண்டையும் நான் கண்ணால பாக்கணும். கெடலைன்னா, குறை உலர்த்தியிலன்னுதான் எழுதுவேன்.” துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “நாளைக்கு நானும் இருக்கேன். சாட்சி வேணும்ல.”

வியாழக்கிழமை எண்ணெய் வந்தது. ஐந்நூறு லிட்டர் எஃகுத் தொட்டி நிறைந்தது. அதிலிருந்து ஒரு புட்டி எடுத்து ஜன்னலில் வைத்தேன். பன்னிரண்டு மணிக்குப் பார்த்தோம், ஒரு மணிக்குப் பார்த்தோம். மேலிருந்து அடி வரை ஒரே கரும்பழுப்பு. தண்ணீர் இருபத்துமூன்றரை. ஹெல்கா புட்டியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு வைத்தாள். பாதி வேலைதான் முடிந்திருந்தது.

மதியம் இரண்டு மணிக்கு, ஜல்மரி கைப்பிடியைத் திரும்ப மாட்டி வால்வைத் திறந்ததும், நான்கு பேரும் தொட்டியில் இறங்கினோம். சுகத்துக்காகக் குளிப்பது வேறு, கடமைக்காகக் குளிப்பது வேறு. ஹெல்கா பிளாஸ்டிக் உறையில் போட்ட தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து, கால் மணி நேரத்துக்கு ஒரு முறை தண்ணீரின் சூட்டைக் குறித்தாள். முப்பத்தெட்டுக்குக் கீழே இறங்கினால் ஜல்மரியைப் பார்ப்பாள், அவன் வால்வைத் திருகுவான். முந்தைய நாட்களில் எவ்வளவு நேரம் இருந்தோமோ அதே நேரம் இருக்க வேண்டும் என்று ஐந்து மணி வரை எங்களை எழும்ப விடவில்லை.

“நாப்பது வருஷமா வேலை பாக்கறேன், இவ்வளவு கடுமையா யாரும் என்னை வேலை வாங்கினதில்ல” என்றான் ஜல்மரி நாலரை மணிக்கு.

வில்யோ தன் விரல் நுனிகளைத் தூக்கிப் பார்த்தார். காய்ந்த திராட்சை போலச் சுருங்கியிருந்தன. “ஒரு டிகிரி ஏத்தினா நல்லாருக்கும்” என்றார்.

“ஏத்தக் கூடாது. பழைய மாதிரியேதான் இருக்கணும்” என்றாள் ஹெல்கா.

இந்த முறை நான் பாதியில் தொட்டியை விட்டு எழுந்து, மேலங்கியும் பூட்ஸும் மாட்டிக்கொண்டு பனியில் ஓடி, உலர்த்தியின் வாயில் ஒரு பிடி தூள் எடுத்தேன். ஈரம் பத்தொன்பது. திரும்பி ஓடி வந்து சொன்னபோது ஹெல்கா கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாள். ஒரு பொறியாளர் தன் இயந்திரம் மோசமாக ஓடுகிறது என்று கேட்டு அப்படி நிம்மதியடைந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு முதல் எண்ணெய் இறங்கியது. புட்டியில் ஊற்றி வைத்தேன். நான்கு பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம்.

ஒன்பதரைக்கு ஒன்றுமில்லை. பத்தரைக்கும் ஒன்றுமில்லை. எண்ணெய் ஒரே நிறத்தில், பளபளவென்று, ஒழுக்கமாக நின்றது.

“கெடாதேன்னு கும்பிட்ட நாளெல்லாம் கெட்டுச்சு. இன்னிக்குப் பாரு, மணப்பொண்ணு மாதிரி உக்காந்திருக்கு” என்றான் ஜல்மரி.

“பேசாம இரு.”

“நேத்து நீ பாதில எழுந்து ஓடினியே ஔலிஸ், அதுல சூடு மிச்சமாகிப் போச்சோ என்னமோ.”

“நான் ஒருத்தன் எழுந்தா என்ன மிச்சமாகும்?”

“உன் உருவத்துக்குக் கணிசமா மிச்சமாகும்.”

நான் கணக்கைத் திரும்பப் பார்த்தேன். தண்ணீர் முப்பத்தொன்று. பிரிந்தே ஆக வேண்டும். ஆனால் முப்பது என்பது சுவரில் கிழித்த கோடு அல்ல. மரத்துக்கு மரம், கலந்திருக்கும் மரப்பட்டைக்கு ஏற்ப, கொஞ்சம் நகரும். இதை நான் விளக்கத் தொடங்கியதும் மூவரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நிறுத்திக்கொண்டேன்.

பதினொன்றேகாலுக்கு ஹெல்கா எழுந்து ஜன்னலருகே போனாள். உலர்த்தியின் இரைச்சல் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பட்டையில் ஓர் இணைப்பு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை ‘டக்’ என்று தட்டும். அதைச் சரிசெய்ய அவளுக்கு இரண்டு வருடமாக நேரம் கிடைக்கவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டபடி, இரண்டு கையையும் ஜன்னல் பலகையில் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

“ஔலிஸ்” என்றாள். “இங்க வா. எனக்குக் கண்ணு ஏமாத்துதான்னு பாரு.”

புட்டியின் கழுத்துக்குக் கீழே, ஒரு நகக்கீற்று அளவுக்கு, நிறம் வெளுத்திருந்தது. நான் பார்த்தேன், வில்யோ பார்த்தார், ஜல்மரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தான். பன்னிரண்டு மணிக்கு அந்தக் கீற்று ஒரு விரல் உயரமானது. அரை மணி கழித்து யாரும் குனிந்து பார்க்கத் தேவையில்லை. வாசலில் இருந்தே தெரிந்தது, மேலே தேநீர், கீழே தார்.

“கெட்டுப்போச்சு” என்றார் வில்யோ. அவருடைய வாயில் அது பாராட்டுப் போலவே ஒலித்தது.

ஹெல்கா நாற்காலியில் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றி, காலை நீட்டிக்கொண்டாள். இரண்டரை மாதத்தில் அவள் வேலை நேரத்தில் காலை நீட்டி நான் பார்த்தது அன்றுதான்.

வில்யோ கோப்பைத் திறந்தார். உரிமையாளர்களுக்கும் நகராட்சிக்கும் போகிற அறிக்கை. நிதானமாக எழுதினார். எண்ணெய் தகுதியானது என்று ஒரு வரி. உலர்த்தியை மாற்ற அவசியம் இல்லை என்று ஒரு வரி. ‘முந்தைய பழுதுக்குக் காரணம்’ என்று அச்சடித்திருந்த இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

“‘வெப்பத் திசைதிருப்பல்’னு போடலாமே” என்றான் ஜல்மரி. “கேக்க மரியாதையா இருக்கு.”

“யாரு திருப்பினதுன்னு அடுத்த கேள்வி வரும்” என்றார் வில்யோ. அவர் ஹெல்காவைப் பார்த்தார்.

“உள்ளத எழுதுங்க” என்றாள் அவள்.

எழுதினார். தாளைத் திருப்பி எங்கள் பக்கம் தள்ளினார். ‘உலர்த்தி நன்றாக வேலை செய்கிறது. அது வேலை செய்த நேரத்தில் ஆலையில் இருந்த மூன்று பேர் அதன் வெந்நீரில் குளித்திருக்கிறார்கள். வியாழக்கிழமை நடந்த சோதனையில் நான்கு பேர்.’

ஹெல்கா இரண்டு முறை படித்தாள். பேனாவை வாங்கி, ‘மூன்று பேர்’ என்ற இடத்தில் எங்கள் பெயர்களை எழுதினாள், தன்னுடையதை முதலில். நான்காவது பெயருக்கு இடம் விட்டு வில்யோவிடம் திருப்பிக் கொடுத்தாள்.

அவர் நெடுநேரம் அந்த வெற்றிடத்தைப் பார்த்தார். பிறகு தன் பெயரை எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், ‘சாட்சியாக’ என்று சேர்த்தார்.

“சரி, நான் போய் அந்தக் கிளைக் குழாய அறுத்துட்டு வர்றேன்” என்று ஜல்மரி எழுந்தான்.

“எடுத்து அந்தப் பக்கம் மாட்டு” என்றாள் ஹெல்கா. “திரும்பிப் போற குழாய்ல.”

“அது நாப்பது டிகிரிதான்னு சொன்னேன்ல. காலு மட்டும்தான் சூடாகும்.”

“அப்ப காலை மட்டும் உள்ள வெச்சுக்க.”